இருபத்தேழாம் எண் கவர்

போன மாதம் மெஹருன்னிசா போன் செய்தாள். அரசு மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையில் என்னோடு பதினொரு வருடம் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ். நான் ஓய்வு பெற்றுவிட்டேன்; அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். குடல் பரிசோதனையில் புதிதாக ஓர் ஆய்வு தொடங்கப் போகிறார்களாம்.

"இப்பல்லாம் கவரே கெடையாதுக்கா. யாருக்கு எந்த முறைன்னு கம்ப்யூட்டரே சொல்லிடும். ஒரு தடவ சொல்லிட்டா யாரும் மாத்த முடியாது" என்றாள்.

சொன்ன கையோடு சட்டென்று நிறுத்திவிட்டு, என் மகளின் உடம்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். அவள் ஏன் பேச்சை மாற்றினாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளிகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை.

நான் பிலோமினா. பிறந்ததும் ராயபுரம், வாழ்க்கைப்பட்டதும் ராயபுரம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கணவர் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில்வே ஊழியர். நர்சிங் படிப்பு, பிரசவ வார்டு, ஆபரேஷன் வார்டு என்று முதல் இருபது வருடம் போனது. அதில் மற்ற நர்சுகளிடம் இல்லாத கதை எதுவும் என்னிடம் இல்லை. எண்டோஸ்கோபி அறைக்கு மாற்றல் வந்தபோது நாற்பத்து மூன்று வயது. "அந்தக் கலீஜ் வேலைக்கா போற?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. காலை எட்டு மணிக்கு ஏப்ரன் மாட்டினால் மதியம் வரை அந்த வாடைதான்.

கொலோனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியாக, நுனியில் கேமரா வைத்த நீளமான குழாயைச் செலுத்திப் பெருங்குடலைக் கடைசிவரை பார்ப்பது. சொல்வதற்கு ஒரு வரிதான். குடல் நேராக இருப்பதில்லை. இடது அடிவயிற்றில் ஒரு வளைவு, விலா எலும்புக்குக் கீழே இடதும் வலதுமாக இரண்டு திருப்பம். குழாய் வளைவில் முட்டும்போது முன்னே போகாமல் குடலையே தள்ளிக்கொண்டு சுருளும். நோயாளி கத்துவது அங்கேதான். அப்போது பக்கத்தில் நிற்கும் நர்ஸ் உள்ளங்கையால் அடிவயிற்றைச் சரியான இடத்தில் அழுத்திப் பிடித்தால் சுருள் நேராகும். அந்த இடம் ஒவ்வொருவருக்கும் வேறு. அதைக் கை கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

எங்கள் சீஃப் டாக்டர் வசுந்தரா. கரகரப்பில்லாத, மிகத் தாழ்ந்த குரல். மருத்துவமனையில் கூட்டிப் பெருக்குகிறவரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். நோயாளி கத்தினால் அவர் கை உடனே நிற்கும். "இன்னும் கொஞ்சந்தான், அவ்ளோதான்" என்று பேசிக்கொண்டே தள்ளுகிற டாக்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் நிறுத்துவார். குழாயைக் கொஞ்சம் பின்னால் இழுப்பார். "நிறுத்திடவா, தொடரவா?" என்று கேட்பார். பதில் வரும்வரை நகரமாட்டார். குழாய் நுழைந்த நேரம், கடைசி முனையைத் தொட்ட நேரம், வெளியே வந்த நேரம் மூன்றையும் உரக்கச் சொல்வார். நான் பதிவேட்டில் எழுத வேண்டும். உள்ளே போவதைவிட வெளியே வருவதில்தான் அவருக்கு நிதானம் அதிகம். "திரும்பி வரும்போதுதான் சிஸ்டர் பாக்கறோம். போறப்ப வழிதான் தேடறோம்" என்பார்.

ஆய்வு அவருடைய யோசனை. எங்களிடம் வருகிறவர்களில் பலர் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக வருவார்கள். மயக்க ஊசி போட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும், ஆளில்லாதவருக்குப் போடமாட்டோம். ஆகவே ஊசி இல்லாமல் வலியைக் குறைக்க வழி தேடினார். வழக்கமான முறையில் குழாய் வழியாகக் காற்றை ஊதிக் குடலை விரித்துக்கொண்டே போவோம். இன்னொரு முறையில் காற்றை மூடிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைச் செலுத்தி, அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போக வேண்டும். வெளிநாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு, நம் அறையில், அது உண்மையிலேயே வலியைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யாருக்கு எந்த முறை என்று டாக்டர் முடிவு செய்யக்கூடாது. செய்தால் அவர் மனசு அதில் சாய்ந்துவிடும். அதற்காக வேறொரு கல்லூரியிலிருந்து ஒட்டிய கவர்கள் வந்தன. தடித்த பழுப்பு நிறம், வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாது. மேலே எண் மட்டும் இருக்கும். உள்ளே ஒரு சீட்டு, காற்று அல்லது தண்ணீர். பீரோ சாவி என்னிடம். நோயாளி கையெழுத்துப் போட்டு, டேபிளில் இடது பக்கமாகப் படுத்த பிறகுதான் நான் திரைக்குப் பின்னால் போய் அடுத்த எண் கவரைப் பிரித்து, சீட்டைச் சீஃபிடம் மட்டும் காட்டுவேன். நோயாளிக்கு எந்த முறை என்று தெரியாது. பரிசோதனை முடிந்து படுக்கவைக்கும் அறையில் மெஹருன்னிசா இருப்பாள்; அவளுக்கும் தெரியாது. அவள்தான் "பூஜ்யத்திலேருந்து பத்து வரைக்கும் சொல்லுங்க, எவ்ளோ வலிச்சுது?" என்று கேட்டு எழுதுவாள்.

இருபத்தாறு கவர்கள் ஒழுங்காகப் போயின. எனக்குள் மட்டும் ஒரு முடிவு உட்கார்ந்துவிட்டது, தண்ணீர்தான் நல்லது என்று. நான்தானே வயிற்றை அழுத்துகிறேன். தண்ணீர் முறையில் வயிறு கல்லாகாமல் மெத்தென்று இருப்பது என் கைக்குத் தெரிந்தது.

அப்போதுதான் கஸ்தூரி வந்தாள். கொடுங்கையூர்க்காரி, துப்புரவுப் பணியாளர், ஐம்பதை ஒட்டிய வயது. மலத்தில் ரத்தம் போகிறது. முந்தின வருடம் வேறோர் இடத்தில் பரிசோதனைக்குப் படுத்து, பாதியில் எழுந்து ஓடிவந்தவள். எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் நான் அவளோடு அரைமணி நேரம் பேசினேன்.

"தோ பாரு சிஸ்டரு, போன தபா காத்த வுட்டு வுட்டு வயிறு வெட்ச்சிடும்போல ஆய்ட்ச்சி. உசுரே பூட்ச்சி. இன்னொரு தபா அந்த டேபிள் மேல என்னால ஏற முடியாது."

"இந்தத் தடவ வலிக்காதும்மா. நான் கூடவே இருக்கேன். என்னை நம்பு."

நம்பி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். ஆய்வைப் பற்றிச் சீஃப் விளக்கியபோது தலையாட்டினாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். டேபிளில் ஏறிப் படுத்தாள். நான் திரைக்குப் பின்னால் போய் இருபத்தேழாம் கவரைப் பிரித்தேன்.

காற்று.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காது. பீரோவைத் திறந்து இருபத்தெட்டையும் எடுத்துப் பிரித்தேன். தண்ணீர். அந்தச் சீட்டைச் சீஃபிடம் காட்டினேன். காற்றுச் சீட்டை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். சீட்டில் எண் கிடையாது. கவரின் மேல்தான் எண். யாருக்கும் தெரியப்போவதில்லை.

கஸ்தூரிக்குக் கடைசிவரை பார்த்து முடித்தார் சீஃப். என் வலது கை அவள் வயிற்றில், இடது கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு சின்னக் கட்டிகள் இருந்தன. அங்கேயே கம்பி வளையத்தால் வெட்டி எடுத்தார். நாளாக நாளாகப் புற்றாக மாறக்கூடிய வகை. முளையிலேயே எடுத்துவிட்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்து வந்தவர் தேவராஜ். விம்கோ நகர். முன்பு ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் காவலாளியாக இருந்தார். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது, ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் அனுப்பியிருந்தார்கள். அவரும் தனியாக வந்திருந்தார். அதிகம் பேசாத மனுஷன். "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க" என்றேன். பையிலிருந்த சீட்டை எடுத்துச் சீஃபிடம் காட்டினேன்.

முதல் வளைவிலேயே அவர் உடம்பு விறைத்தது. நான் அழுத்திப் பார்த்தேன். இடம் மாற்றி அழுத்தினேன். மல்லாக்கத் திருப்பிப் போட்டு அழுத்தினேன். வயிறு மத்தளம்போல இருந்தது. சீஃப் மூன்று முறை நிறுத்தினார், மூன்று முறை கேட்டார். முதல் இரண்டு முறை "பண்ணுங்க" என்றார் தேவராஜ். மூன்றாவது முறை, "போதும் டாக்டரம்மா, முடியல" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கைத் தாண்டி வழிந்தது. சீஃப் உடனே குழாயை வெளியே எடுத்தார். "பாதி. இடது பக்கம் மட்டும் பார்த்தாச்சு" என்று நேரத்தோடு சொன்னார். நான் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து, துணைக்கு ஆளோடு வந்தால் ஊசி போட்டுச் செய்யலாம் என்று தேதி கொடுத்தோம். அவர் வரவில்லை. போன் செய்தேன். மனைவி எடுத்தார். "அவுரு வர மாட்டேன்றாரு சிஸ்டரு. அந்த பேச்ச எட்தாலே எயிந்து வெளிய பூட்றாரு." அடுத்த வாரமும் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

ஒரு நாள் ஃபைல்களைப் பார்த்துக்கொண்டே சீஃப் சொன்னார்: "ரத்தம் இவ்வளவு குறைவு. இடது பக்கம் ஒண்ணுமில்ல. வலது பக்கத்தைப் பாக்காம விட முடியாது சிஸ்டர்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலில் இருந்தபோதும் தேவராஜின் முகம்தான். பாதிரியாரிடம் சொல்லிவிட்டால் மனசு ஆறிவிடும். அப்படி ஆறிவிடக்கூடாது என்று தோன்றியது. திங்கட்கிழமை பரிசோதனைகள் முடிந்து, குழாய்களைக் கழுவித் தொங்கவிட்ட பிறகு, சீஃப் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தண்ணியில வலி குறையும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கைக்கே தெரியுது மேடம். பாத்தாலே தெரியுது."

"பாத்தாலே தெரியும்னா, நான் எதுக்கு இத்தன கவர் வாங்கி வெச்சிருக்கேன்?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கஸ்தூரியின் ஃபைலை எடுத்து, மெஹருன்னிசா எழுதிய தாளை என் பக்கம் திருப்பினார். அதை நான் அதுவரை படித்ததில்லை. வலி ஐந்து என்று இருந்தது. கீழே, நோயாளி சொன்னது என்ற இடத்தில் அவள் பேச்சை அப்படியே எழுதியிருந்தாள்: 'வலிச்சுது. சிஸ்டரு கைய புட்ச்சிகினு இருந்தாங்க, அத்தொட்டு கம்முனு கெடந்தேன்.'

"இந்தம்மா காத்துலயும் தாங்கியிருக்கலாம். தேவராஜ் தண்ணியிலயும் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ரெண்டும் இனிமே நமக்குத் தெரியாது" என்றார் சீஃப்.

பிறகு வேலைகள் வரிசையாக நடந்தன. நான் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குச் சீஃப் கடிதம் அனுப்பினார். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. பீரோ சாவி என் கையைவிட்டுப் போனது. மெஹருன்னிசா உள்ளே வந்தாள். அவள் இடத்துக்கு நான் போனேன். ஆய்வைத் தொடரலாம், நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும், இரண்டு நோயாளிகளிடமும் சொல்ல வேண்டும் என்று குழு சொன்னது. கஸ்தூரியிடம் சீஃப் மருத்துவமனையிலேயே சொன்னார். "எனக்கோசரமா சிஸ்டரு அப்டி பண்ணாங்க?" என்று மட்டும் கேட்டாளாம்.

தேவராஜ் போனை எடுப்பதாக இல்லை. "நேர்ல போகலாம், நீங்களும் வாங்க" என்றார் சீஃப். மெட்ரோவில் விம்கோ நகர் வரை போய், ஸ்டேஷனிலிருந்து நடந்தோம். சீஃப் மருத்துவமனைக்கு வெளியே நடந்து நான் பார்த்தது அன்றுதான், வேகமான நடை.

ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு. தேவராஜ் கைலியோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்பைவிட வெளிறியிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் மனைவி அவசரமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். தேவராஜ் சாப்பிட்டுக் கை கழுவும்வரை சீஃப் வாயைத் திறக்கவில்லை. பிறகு, "தப்பு எங்களோடது. அதைச் சொல்லத்தான் வந்தோம். இவங்க சொல்வாங்க" என்றார்.

சொன்னேன். உங்களுக்கு வந்த சீட்டு வேறு, அதை முன்னால் வந்தவருக்குக் கொடுத்துவிட்டு அவருடையதை உங்களுக்கு வைத்தேன் என்று.

தேவராஜ் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவுங்க உனக்கு சொந்தமா?"

"இல்லீங்க."

"தெரிஞ்சவங்களா?"

"இல்ல. அவங்களும் பேஷண்டுதான்."

"அப்ப நான் யாரு?"

"அவங்களுக்கு வலிக்காதுன்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றேன்.

"எனக்கு இன்னா சொன்னே?"

"கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்கன்னு…"

"அத்த மட்டும் கரீட்டா சொன்னே."

அவர் மனைவி ஆரம்பித்தார். "இன்னா சிஸ்டரு இது, கேக்க ஆளில்லன்னுதானே? ஒண்டியா வந்துகீறானேன்னுதானே இப்டி பண்ணிகீறே?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னது உண்மையில்லை; ஆனால் அதை மறுக்க என்னிடம் என்ன இருக்கிறது? அவரே கொஞ்ச நேரம் கழித்துச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து சீஃபிடம் கொடுத்தார். சீஃப் குடித்துவிட்டு, தேவராஜைப் பார்த்து ரத்தம் குறைவதைப் பற்றிச் சொன்னார். வலது பக்கத்தில் என்னென்ன இருக்கலாம் என்று ஒன்றையும் மறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. இனி ஆய்வு எதுவும் இல்லை, ஊசி போட்டுத்தான் செய்வேன், மனைவி கூட வர வேண்டும் என்றார்.

தேவராஜ் துண்டை மடித்து வைத்துவிட்டு, "வர்றேன் டாக்டரம்மா. ஆனா இவுங்க உள்ள வரக்கூடாது" என்றார்.

"வரமாட்டாங்க" என்றார் சீஃப்.

மறுபடியும் பரிசோதனை நடந்த நாளில் நான் கதவுக்கு வெளியே பெஞ்சில், அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னோடு பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. உள்ளேயிருந்து சீஃபின் குரல் கேட்டது: நுழைந்த நேரம், பிறகு கடைசி முனையைத் தொட்ட நேரம். அதன் பிறகு நீண்ட நேரம் எந்தச் சத்தமும் இல்லை. அந்த அறையில் அவ்வளவு மௌனம் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியாது.

வலது பக்கத்தில், பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் கட்டி. சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள், புற்றுநோய்தான். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து அந்தப் பகுதியை எடுத்தார்கள். வெளியே எங்கும் பரவவில்லை. முதல் பரிசோதனைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஏழு வாரம் போயிருந்தது. அந்த ஏழு வாரத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று சீஃபிடம் கேட்டேன். "தெரியாது" என்றார். ஆறுதலுக்காகக்கூட வேறு எதுவும் சொல்லவில்லை.

மீதி ஆய்வு முழுவதும் நான் வெளி அறையில் இருந்தேன். எந்த முறையில் செய்தார்கள் என்று தெரியாமல், வருகிற ஒவ்வொருவரிடமும் "எவ்ளோ வலிச்சுது?" என்று கேட்டு எழுதினேன். ஆரம்பத்தில் முகத்தை வைத்து ஊகிப்பேன், இவர் காற்று, இவர் தண்ணீர் என்று. கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டேன். சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான்.

கடைசிக் கவரும் முடிந்து, கணக்குப் போட அனுப்பி, சில மாதம் கழித்து முடிவு வந்தது. தண்ணீர் முறையில் வலி குறைவுதான். பாதியில் நிறுத்தச் சொன்னவர்களும் குறைவு. சீஃப் கட்டுரையை எங்கள் மேஜையில் வைத்தார். நடந்த தவறுக்கு அதில் ஒரு வரி: ஊழியர் ஒருவரின் செயலால் இரண்டு நோயாளிகளுக்கு முறை மாறிவிட்டது என்று. அதை இரண்டு தடவை படித்தேன்.

"நான் நெனச்சதுதான் மேடம் வந்திருக்கு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

"நெனச்சீங்க. இன்னிக்குத்தான் தெரியும்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் அறையில் தனியாக வருகிற எல்லோருக்கும் தண்ணீர்தான். என்னையும் திரும்ப உள்ளே போட்டார்.

அறுவை சிகிச்சைக்கு ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனைக்குத் தேவராஜ் வந்தார். உடம்பு தேறியிருந்தது. ஊசி வேண்டாம், சாயங்காலம் டியூட்டிக்குப் போக வேண்டும் என்றார். நான் கதவருகே நின்றேன். "பிலோமினா சிஸ்டர் உள்ள இருக்கலாமா?" என்று சீஃப் அவரிடம் கேட்டார். அவர் என்னைப் பார்க்காமல், "இருக்கட்டும்" என்றார்.

டேபிளில் ஏறி இடது பக்கமாகப் படுத்தவரின் கண்ணுக்கு நேராகத் தண்ணீர் பாட்டில் இருந்தது. சூடு சரியாக இருக்கிறதா என்று நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதானா அது?" என்றார்.

"இதாங்க."

முழங்காலை மடக்கிக்கொண்டார். சீஃப் நேரத்தைச் சொன்னார். இடது திருப்பத்தில் ஒரு முறை மட்டும் முகத்தைச் சுளித்தார், நான் அழுத்தினேன், குழாய் கடந்தது. தையல் போட்ட இடம் சுத்தமாக இருந்தது. வேறெங்கும் எதுவும் இல்லை. வெளியே வந்த நேரத்தைச் சீஃப் சொன்னதும் எழுதினேன்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தேவராஜ் கேட்டார்: "அன்னிக்கு எனக்கு மின்னாடி வந்தாங்களே, அவுங்க நல்லா கீறாங்களா?"

"நல்லா இருக்காங்க."

"சரி" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாகிறது என்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.